சாந்தகுமாரி வாசித்த இடத்தில்

என் மனைவி சாந்தகுமாரியின் பெயர் ஓர் இசைத்தட்டில் அச்சாகியிருக்கிறது என்று சொன்னால் பூனா கிர்க்கி பஜாரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் அது ஏதோ ஞானப்பாட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனையில் அவள்தானே பியானோ வாசிக்கிறாள். ஆனால் அந்தத் தட்டில் இருப்பது ஞானப்பாட்டும் அல்ல, சினிமாப் பாட்டும் அல்ல. அதைப் பாட்டு என்று சொல்லலாமா என்றே எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து சந்தேகம். அவளிடம் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

சாந்தாவின் அப்பா தேவசகாயம் குடியாத்தத்துக்காரர். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். போதகரின் மனைவியிடம் பியானோ கற்றுக்கொண்ட பெண், பள்ளிப் படிப்பை முடித்து, டைப்ரைட்டிங் தேறி, பூனா கேம்ப் பகுதியில் ஒரு பார்சிக்காரரின் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்கு மேலே கிடங்கு. பிஸ்டனும் பேரிங்கும் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய பியானோ கிடந்தது. ஊரைவிட்டுப் போன யாரோ ஓர் அதிகாரி வீட்டு ஏலத்தில் முதலாளி எடுத்தது. மத்தியானம் டிபன் டப்பாவைக் காலி செய்துவிட்டு இவள் மேலே போய் வாசிப்பாள்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து சாக்ஸபோன் கேட்டிருக்கிறது. ஊதியவன் ஹோஷங், முதலாளியின் மகன். பம்பாய் ஹோட்டல்களில் டான்ஸ் ஆடுகிறவர்களுக்காக ஊதி ஊதி வெறுத்துப்போய் அப்பாவின் கடைக்கே திரும்பி வந்தவன். இவள் பயந்துபோய் எழுந்துவிட்டாளாம். அவன் நிறுத்தவேயில்லை. இவளுக்கும் என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்து, அவன் ஊதியதற்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றை வாசித்தாள். அவன் சிரித்துக்கொண்டே அதற்கு நேர் எதிராக ஊதினான். அப்படித்தான் ஆரம்பித்தது என்பாள்.

டிரம்ஸுக்கு ஆண்டனி வந்தான். எங்கள் கிர்க்கிப் பையன், என் சிநேகிதன். பிம்ப்ரியில் பெரிய மருந்து ஆலையில் ஷிஃப்ட் வேலை. வேலை இல்லாத நேரத்தில் கல்யாண ஊர்வலத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் டிரம் அடிப்பான். மூன்று பேரும் அந்தக் கிடங்கில் கூடியதால் தங்கள் குழுவுக்கு ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வாசித்தது ஜாஸ். அதிலும் ஒரு முரட்டு வகை. மெட்டு இருக்காது. தாளத்தை முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஒன்றைத் தொடங்குவார், மற்றவர் அதைக் கலைப்பார். அந்த நாளில் இந்தியாவில் வேறு யாராவது இப்படி வாசித்தார்களா என்பது எனக்குத் தெரியாது. பூனாவில் யாரும் இல்லை. அவர்கள் வாசித்தவற்றில் ‘லெவல் கிராஸிங்’ என்று ஒன்று உண்டு. எங்கள் ரயில்வே கேட் மூடினால் சைக்கிள், லாரி, மாட்டு வண்டி எல்லாம் வந்து முட்டிக்கொண்டு நிற்குமே, அதுபோல மூன்று பேரும் ஒரே இரைச்சலாக வாசித்து வந்து, திடீரென்று சாக்ஸபோனும் டிரம்ஸும் நின்றுவிடும். சாந்தா மட்டும் தனியாக வாசிப்பாள். சில நிமிடங்கள். பிறகுதான் மற்ற இருவரும் உள்ளே வருவார்கள். அந்த நடு இடம்தான் தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் என்று அவள் எண்ணம். தேவாலயத்தில் இத்தனை வருஷம் வாசித்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது எதையும் அவள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. என்னைக் கட்டிக்கொண்டதையும் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

எழுபத்து இரண்டில் கேம்பில் ஒரு ஹாலில் அவர்கள் கச்சேரி செய்தபோது ஆண்டனி கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். முதல் உருப்படி முடிவதற்குள் பாதி நாற்காலி காலி. ஒருவர் எழுந்து நின்று, “ஏதாவது சினிமாப் பாட்டு வாசிங்களேன்” என்று இந்தியில் கெஞ்சினார். நான் கடைசி வரை இருந்தேன். வெளியே நல்ல மழை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் பம்பாயில் மெலோக்ராஃப் என்ற ஒரு சின்ன கம்பெனி அவர்களுடைய வாசிப்பைப் பதிவு செய்து தட்டாகப் போட்டது. ஹோஷங்கின் சிநேகிதன் ஒருவன் அங்கே இருந்தான். ஒரு பக்கத்தில் மூன்று சின்ன உருப்படிகள். மறுபக்கம் முழுக்க ‘லெவல் கிராஸிங்’. சில நூறு தட்டுகள்தான் அடித்தார்கள், அதுவும் விற்கவில்லை. அடுத்த வருஷமே குழு கலைந்தது. ஆண்டனிக்குக் குடும்பம் வந்தது. ஹோஷங் மறுபடி பம்பாய்க்குப் போனான்; சில வருஷம் கழித்து கண்டாலா மலைப்பாதையில் கார் உருண்டு செத்துப்போனான். சாந்தா என்னைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பாட்டு டீச்சரானாள். அவளிடம் இருந்த ஒரே தட்டை ஒரு போதகர் கேட்டு வாங்கிப் போனார். அவருக்கு மாற்றல் வந்தது. தட்டும் அவரோடு போய்விட்டது.

இருபது வருஷம் இதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. தொண்ணூற்று நான்கில் எங்கள் மகள் காவ்யா பள்ளியிலிருந்து வந்து கேட்டாள்.

“மம்மி, நீ ரெக்கார்டு போட்டிருக்கேன்னு ஆண்டனி அங்கிள் சொன்னாரு. சச்சி? இல்ல சும்மா சொல்றாரா?”

“நெஜந்தான்.”

“எங்க இருக்கு? காட்டு.”

காட்ட ஒன்றும் இல்லை. காவ்யா சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். சாந்தா சமையலறையில் வெகுநேரம் பாத்திரங்களை அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரக் கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினாள்.

மெலோக்ராஃப் அப்போது சாக்கி நாக்காவில் ஒரு தொழிற்பேட்டையின் மூலைக்கு வந்திருந்தது. பக்திப் பாடல் கேசட் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். பழைய அலமாரியில் தேடி, துருப்பிடித்த ஒரு வட்ட டப்பாவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். மூடியில் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்று எழுதியிருந்தது. மூலப்பதிவு. சாந்தா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“இத கேசட்டா போடுங்க சார். நெறைய வேணாம், கொஞ்சம் போட்டா போதும்,” என்று இந்தியில் கேட்டாள்.

“யார் வாங்குவாங்க?”

“அப்போ எனக்காவது ஒண்ணு காப்பி பண்ணிக் குடுங்க.”

“முதலாளி துபாயில் இருக்கார். அவர் சொல்லாமல் டேப்பைத் தொடக்கூடாது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவி செய்யும் குரலில் சொன்னார்: “நீங்க கிறிஸ்தவங்கதானே? கிறிஸ்மஸ் பாட்டு ஒரு செட் வாசிச்சுக் குடுங்க. அது போடலாம். அது ஓடும்.”

திரும்பி வரும்போது, ரயில் கர்ஜத் தாண்டியதும் சொன்னாள்: “டப்பா அங்கியே கீது பாத்தியா. கைக்கு எட்டற தூரத்துல. தூக்கிக்கினு ஓடி வந்திருக்கணும்.” சாதாரணமாக என்னை நீ, வா, போ என்று பேசமாட்டாள். கோபம் வந்தால் மட்டும்தான்.

அதன்பின் ஒவ்வொரு வருஷமும் மெலோக்ராஃபுக்குப் போன் செய்வாள். முதலாளி ஊரில் இல்லை என்பார்கள். முதலாளி இருக்கிறார், ஆனால் வேலை மும்முரம் என்பார்கள். பிறகு மேனேஜர் மாறிவிட்டார். புதியவருக்கு அப்படி ஒரு தட்டு வெளிவந்ததே தெரியவில்லை. காவ்யா படித்து முடித்து, கல்யாணமாகி மகர்பட்டாவுக்குக் குடிபோனாள். நான் ஸ்டோர் கீப்பராக ரிட்டயர் ஆனேன். சாந்தாவுக்கு மட்டும் இந்த ஒரு காரியம் ஓயவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தபோது, தோளில் பையோடு ஒரு இளைஞன் வந்தான். வாகட் பக்கம் ஃபிளாட்டில் இருப்பவன், ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. கோயம்புத்தூர்க்காரன். பெயர் கோகுல்நாத்.

“ஆன்ட்டி, நீங்க சாந்தகுமாரி தேவசகாயம்தானுங்களா?”

கல்யாணத்துக்கு முந்தின பெயர். அவள் முகம் மாறியது. அவன் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். ஜூனா பஜாரில் பழைய மிக்ஸிகளுக்கும் குக்கர்களுக்கும் நடுவே கிடைத்ததாம். விளிம்பில் யாரோ கடித்தது போல ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. உறையில் மூன்று பேர் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருக்கிற படம்.

“இதை எத்தனை தடவை கேட்டேன்னு தெரியாதுங்க ஆன்ட்டி. நானும் பாலச்சந்திரன்னு என் ஃப்ரெண்டும் பெங்களூர்ல சின்னதா ஒரு லேபிள் வெச்சிருக்கோம். வெளிய வராத பழைய மியூசிக்கை எல்லாம் சிடியா போடறோம். இதைத் திரும்பக் கொண்டுவரணும்.”

சாந்தா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மொதல்ல சாப்ட வா தம்பி,” என்றாள்.

உடைந்த தட்டை வைத்து சிடி போட முடியாது. முள் வைத்தால் இரண்டு பக்கமும் ஆரம்பம் இல்லை. நடுவும் முடிவும் இருக்கின்றன, ஆனால் எண்ணெயில் கடுகு பொரிவது போல ஒரே சத்தம். மூலப்பதிவு வேண்டும். கோகுல்நாத் விடாமல் அலைந்து துபாய் முதலாளியின் மகனைக் கண்டுபிடித்தான். அப்பா இறந்துவிட்டார், கம்பெனியை மூடியாகிவிட்டது, அந்தப் பழைய குப்பையை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அந்தப் பையன் சம்மதித்து எழுதியும் கொடுத்துவிட்டான். டேப்புகள் எல்லாம் சாக்கி நாக்கா கிடங்கில்தான் இருக்கின்றன, ஆகஸ்டில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

அது இரண்டாயிரத்து ஐந்து. ஜூலைக் கடைசியில் மும்பையில் என்ன மழை பெய்தது என்று எல்லாருக்கும் தெரியும். நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸின் கூரைமேல் ஜனங்கள் நின்றார்கள். அவ்வளவு பேர் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு டப்பாவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று சாந்தா பேசாமலிருந்தாள். நான்தான், “கெடங்கு மேட்டுல இருக்குதோ என்னவோ” என்றேன். கிடங்கு தரைத்தளத்தில் இருந்தது. ஆகஸ்டில் போன கோகுல்நாத்திடம் வாட்ச்மேன், சேறும் டேப்பும் ஒன்றாகிக் கிடந்ததால் முனிசிபாலிட்டி லாரியில் அள்ளிப் போட்டு அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.

“பதினோரு வருசமா போன் பண்ணேன்,” என்று மட்டும் சாந்தா சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நானும் கோகுல்நாத்தும் ஆண்டனியும் அங்கே இருந்தோம்.

ஆண்டனிதான் யோசனை சொன்னான். பதிவு முடிந்தபோது ஹோஷங் தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். பெரிய ஸ்பூல் டேப். அவனுடைய அக்கா பிரோஜா கேம்பில் அதே பழைய வீட்டில் இருக்கிறாள். அவளிடம் இருக்கலாம்.

பிரோஜா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினாள். அந்த சத்தத்தைக் கட்டிக்கொண்டு அழுததால்தான் தம்பி கடையைப் பார்க்கவில்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கண்ட நேரத்தில் மலைப்பாதையில் கார் ஓட்டினான் என்றாள். “நீங்கள் இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டீர்கள். குழந்தை குட்டி இருக்கிறது. அவனுக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாந்தா மறுவாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ டேப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். கடையில் டைப் அடித்த நாளில் பிரோஜாவின் அம்மா கொடுத்தனுப்புகிற பண்டங்களைப் பற்றி, ஹோஷங் ஒருநாள் ஊதிக்கொண்டே படியில் உருண்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரும் அழுதார்களாம். ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. கடைசியில் பிரோஜா கட்டிலுக்கடியிலிருந்து ஸ்பூலை எடுத்துக் கொடுத்தாள்.

கோகுல்நாத் எங்கிருந்தோ ஸ்பூல் மெஷின் ஒன்றை வாங்கி, ரிப்பேர் பார்த்து வைத்திருந்தான். அவன் ஃபிளாட்டில் நாங்கள் நால்வரும் கூடினோம். ஆண்டனிக்கு ஆலை இரைச்சலில் இடது காது போய்விட்டது. வலது காதை ஸ்பீக்கருக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டேப் ஓடியது. நல்ல தெளிவு. முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தன. ஆண்டனி தொடையில் தாளம் போட ஆரம்பித்தான். எனக்கும் சந்தோஷம்தான், இவள் முகத்தைப் பார்த்து.

பிறகு ‘லெவல் கிராஸிங்’. மூன்று பேரின் இரைச்சலும் ஏறி ஏறி வந்தது. சாக்ஸபோன் நின்றது. டிரம்ஸ் நின்றது. சாந்தா கண்ணை மூடிக்கொண்டாள். பியானோவில் நாலைந்து தட்டு கேட்டது. டக் என்று ஒரு சத்தம்.

கிரிக்கெட் வர்ணனை. ரேடியோவில் இந்தியில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார். பந்து எல்லைக் கோட்டை நோக்கிப் போகிறது, ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள், ஆட்டக்காரர் விழுந்து தடுக்கிறார். சில நிமிடங்கள் இப்படியே. மறுபடி டக். சாக்ஸபோனும் டிரம்ஸும் திரும்ப உள்ளே வந்து, எல்லாம் முடிந்தது.

கோகுல்நாத் மெஷினை நிறுத்தினான்.

பிரோஜாவுக்குப் போன் செய்தபோது விஷயம் தெரிந்தது. ஹோஷங் இறந்தபின் அவன் அப்பாவுக்கு ரேடியோதான் துணை. ஆட்டத்தை டேப்பில் பிடித்துவைத்து மறுபடி கேட்பார். கைக்கு எந்த ஸ்பூல் கிடைக்கிறதோ அதில் பிடிப்பார். அந்த ஸ்பூலில் சும்மா பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார், கொஞ்ச நேரத்தில் நிறுத்தியும்விட்டார். மொத்த டேப்பில் அந்தச் சில நிமிடங்கள்தான் போயிருக்கின்றன. அவை சாந்தாவின் நிமிடங்கள்.

“வேற எடத்துல அழிச்சிருக்கக் கூடாதா அந்த மனுசன்,” என்றாள் சாந்தா. “என் எடந்தான் கெடச்சுதா?”

அவளே வழியும் சொன்னாள். உடைந்த தட்டில் அந்த நடுப்பகுதி இருக்கிறதே. கீறலும் பொரியலுமாக இருந்தாலும் அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டலாம். கோகுல்நாத் தயங்கினான். சத்தம் திடீரென்று மாறுமே, கேட்பவர்களுக்குத் தூக்கிப்போடுமே என்றான்.

“போடட்டும் தம்பி. கீறல் உள்ளாற நான் இருக்கிறேன்ல. அது போதும்.”

அவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டினான். இவளும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து வாகட் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் முன்னே, இன்னும் கொஞ்சம் பின்னே என்று உயிரை வாங்கினாள். ஒருவழியாக இரண்டு பேருக்கும் திருப்தி வந்தது. நல்ல பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாயிரத்து எட்டில் கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியது. போகும்முன் எல்லா ஃபைல்களையும் பெங்களூர் பாலச்சந்திரனுக்கு அனுப்பிவிட்டுப் போனான். ஒட்டியதும் அதில் இருந்தது, ஒட்டாததும் இருந்தது.

சிடி பார்சல் வந்த அன்று ஆண்டனியைக் கூப்பிட்டோம். காவ்யாவும் மகர்பட்டாவிலிருந்து வந்திருந்தாள். சாந்தா புதுப் புடவை கட்டிக்கொண்டாள். உறையில் அதே பழைய படம், பளபளவென்று. காவ்யா சிடியைப் போட்டாள். நேராக ‘லெவல் கிராஸிங்’ போடு என்றாள் சாந்தா. இரைச்சல் ஏறியது. நின்றது. பியானோவில் நாலைந்து தட்டு.

பந்து எல்லைக் கோட்டை நோக்கிப் போனது.

காவ்யா ஒன்றும் புரியாமல், “மம்மி, இது நல்லா இருக்கே! மேட்ச் வெச்சு பண்ணியிருக்கீங்களா?” என்றாள்.

சாந்தா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே பாலச்சந்திரனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்திலிருந்தேன். அவனும் மரியாதையான பையன்தான்.

“மேடம், ரெண்டு ஃபைலும் கேட்டேன். ஒட்டினது சரியா இல்ல, க்வாலிட்டி ரொம்ப டல். டேப்ல இருக்கிறதுதான் ஒரிஜினல்னு நெனச்சேன்.”

“அது ஒரிஜினல் இல்லப்பா. அது ஒரு வயசானவரு ரேடியோ கேட்டது.”

“ஆனா மேடம், அந்த எடம்தான் ஆல்பத்துக்கே ஹைலைட். பியானோ அப்படியே கட் ஆகி ரேடியோ வருது பாருங்க, எனக்கு முடியெல்லாம் நட்டுக்கிச்சு.”

“எனக்கும்தான்,” என்று போனை வைத்தாள்.

கோகுல்நாத் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டுத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். அடுத்த பதிப்பில் கட்டாயம் மாற்றிவிடலாம் என்றான். அதற்குள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் விமரிசனம் வர ஆரம்பித்துவிட்டது. காவ்யா கம்ப்யூட்டரில் படித்துத் தமிழில் சொன்னாள். தத்தித் தத்தித்தான் சொல்வாள். ரேடியோவை நான்காவது வாத்தியமாக அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பியானோவை ஊமையாக்கிவிட்டு அந்த இடத்தில் தெருவின் குரலை வைத்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இன்னொருவர். சாந்தாவின் பெயரைப் போட்டு, அவளுடைய மௌனத்தைப் பாராட்டியிருந்தார்.

இதில் எனக்கு ஒரு தனிச் சங்கடம். அந்தத் தட்டு முழுவதிலும் எனக்குப் புரிந்த இடம் அது ஒன்றுதான். அவள் பஜாருக்குப் போனபோது ஓரிரு தடவை அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்டிருக்கிறேன். ஆட்டம் எது, பந்து போட்டது யார் என்றுகூட எனக்கு ஓர் ஊகம் உண்டு. இதையெல்லாம் அந்த வீட்டில் யாரிடம் சொல்வது?

அடுத்த வருஷம் கோரேகாவ் பார்க்கில் ஒரு கலைக்கூடத்தில் அந்த சிடியை எல்லாரும் சேர்ந்து கேட்கிற மாதிரி ஒரு கூட்டம் வைத்தார்கள். சாந்தாவையும் ஆண்டனியையும் முன்வரிசையில் உட்காரவைத்துப் பூங்கொத்து கொடுத்தார்கள். தரையில் மெத்தை போட்டு இளம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அப்படி ஒரு கூட்டம் இவர்களுக்கு எழுபத்து இரண்டில் கிடைத்திருக்க வேண்டும். யாரும் எழுந்து போகவில்லை. கிரிக்கெட் வந்ததும் சிலர் கை தட்டினார்கள். முடிந்தபின் ஒரு பையன் மைக்கைப் பிடித்து, அந்த ரேடியோ யோசனை எப்படி வந்தது என்று கேட்டான்.

சாந்தா எழுந்தாள். இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள்: “அது யோசனை இல்லை. அது எங்கள் கடை முதலாளி தெரியாமல் அழித்தது. அந்த இடத்தில் நான் வாசித்திருந்தேன். நீங்கள் கேட்டது நான் இல்லை.”

எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். பெரிய கைதட்டல். மைக் பிடித்த பையன், “என்ன அடக்கம் பாருங்கள்!” என்றான்.

இவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மைக் வேறு பக்கம் போய்விட்டது.

ரிக்ஷாவில் வரும்போது ஆண்டனி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். பூங்கொத்து அவன் மடியில்.

“உட்டுடு சாந்தா,” என்றான். “முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு நம்ம சத்தத்த நாலு பேரு ஒக்காந்து கேக்குறான். ஹோஷங் பேரு வெளிய வந்துச்சு. இன்னும் இன்னா வேணும்?”

“உன் டிரம்ஸ் முழுசா கீது. அவன் சாக்ஸ் முழுசா கீது. நீ சொல்லுவ.”

“நான் இன்னா சொல்றேன்னா…”

“ஒண்ணும் சொல்லாத ஆண்டனி. உன் எடத்துல வெளாட்டு கமெண்டரி போட்டிருந்தா இப்பிடிப் பேசுவியா?”

கிர்க்கி வந்ததும் ஆண்டனி இறங்கி, பூங்கொத்தை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவனே எடுத்துக்கொண்டு போனான். இரண்டு மூன்று மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கிறிஸ்மஸுக்கு அவன் மனைவி பலகாரத் தட்டோடு வந்தபின்தான் சரியானது.

இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் சாந்தா பிடிவாதமாக நின்றாள். ஒட்டிய வடிவத்தைப் போடாவிட்டால் தன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றாள். கோகுல்நாத் இதற்குள் திரும்பி வந்திருந்தான். பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்கினான். பாலச்சந்திரனோ, வாங்குகிறவர்கள் எல்லாம் அந்த ரேடியோவுக்காகத்தான் வாங்குகிறார்கள், அதை எடுத்தால் யாரும் தொடமாட்டார்கள் என்றான். வாரக்கணக்கில் போன் பேச்சு நடந்தது. ஒருநாள் கோகுல்நாத் புதிய சிடியோடு நேரில் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“ரெண்டும் இருக்குதுங்க ஆன்ட்டி. நீங்க வாசிச்சதும் இருக்குது.”

சாந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையின் பின்பக்கத்தைப் படித்தாள். நான்காவதாக ‘லெவல் கிராஸிங்’ இருந்தது. அது ரேடியோ உள்ளது. எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், ஐந்தாவதாக: ‘லெவல் கிராஸிங் – மாற்று வடிவம்’ என்று இங்கிலீஷில்.

“மாத்தா?” என்றாள். “நான் வாசிச்சது மாத்தா?”

“என்னால இவ்வளவுதான் முடிஞ்சதுங்க ஆன்ட்டி.”

அவன் கண் கலங்கியிருந்தது. அவனைத் திட்ட ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, “சாப்டியா?” என்று கேட்டாள். சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துக்கொடுத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான். அதற்குப்பின் அதிகம் வருவதில்லை.

அந்த சிடி பல வாரங்கள் டிவி மேல் உறை பிரிக்காமலே கிடந்தது. ஒருநாள் காலையில், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே எடுத்துப் பிரித்தாள். ஐந்தாவதைப் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

இரைச்சல் ஏறி நின்றது. பிறகு பொரிகிற சத்தத்துக்குள்ளே பியானோ வந்தது. இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி தனியாக வாசிக்கிறாள். எனக்கு வழக்கம் போலப் பிடிபடவில்லை. ஒரு இடத்தில் மட்டும் அவள் ஒரே கட்டையை விட்டு விட்டு அடித்துக்கொண்டேயிருந்தாள், யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பது போல. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லலாம் என்று அவளைப் பார்த்தேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் முடிந்தபின் எழுந்து சிடியை வெளியே எடுத்தாள்.

“எப்பிடி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“எடது கை ரொம்ப சத்தம்,” என்றாள். “அந்த வயசுல யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்.”

சிடியை உறைக்குள் போட்டுவிட்டு, குக்கர் வைக்க உள்ளே போனாள்.